சிலந்தி கழற்றிப்போட்ட சட்டை

பூந்தொட்டியை நகர்த்தும்போதோ, கொல்லையில் கிடக்கும் செங்கல் அடுக்கைக் கலைக்கும்போதோ, அடியில் ஒரு சிலந்தி அசையாமல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். செத்துப்போனது என்று துடைப்பத்தால் தள்ளிவிடுவோம். அப்படித் தள்ளப்படுபவற்றில் பல சிலந்தியே அல்ல, அது கழற்றிப்போட்ட சட்டை. அதற்குள் இருந்த சிலந்தி இன்னும் கொஞ்சம் பெரிதாகி, பக்கத்திலேயே எங்கோ வேட்டையாடிக்கொண்டிருக்கும். அந்தச் சட்டையை எடுத்துப் பார்க்கத் தெரிந்தால், வலை கட்டி உட்காராமல் தரையில் ஓடி இரை பிடிக்கும் சிறிய சிலந்திகளில் எது உங்கள் வீட்டைச் சுற்றி இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஓரளவுதான். அந்த அளவு எதுவரை என்பதையும் சேர்த்தே இங்கே சொல்கிறேன்.

முதலில், கிடப்பது பிணமா சட்டையா? செத்த சிலந்தியின் கால்கள் உடலுக்கு அடியில் மடங்கிச் சுருண்டிருக்கும். சிலந்திக் காலின் முக்கியமான இரண்டு மூட்டுகளில் மடக்குவதற்குத் தசை உண்டு, நீட்டுவதற்குக் கிடையாது. உடலுக்குள் இருக்கும் திரவத்தை அழுத்திக் காலுக்குள் செலுத்தித்தான் அது காலை நீட்டுகிறது. உயிர் போனதும் அந்த அழுத்தம் போய்விடும், கால்கள் மடங்கிவிடும். சட்டையின் கால்களோ வெறும் குழல்கள். உள்ளிருந்த கால் உருவப்பட்ட வாக்கிலேயே, பெரும்பாலும் எட்டும் ஒருபக்கமாகச் சேர்ந்து நீண்டு நிற்கும். லேசாக ஊதினால் நகர்ந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடித்தாளாகத் தெரியும். இவற்றை எல்லாம்விட உறுதியான அடையாளம் தலைப்பக்கத்தில் இருக்கிறது. முதுகின் முன்பாதியை மூடியிருக்கும் கெட்டியான மேலோடு, டப்பா மூடியைத் திறந்து சாய்த்தது போல மேலே தூக்கி நிற்கும். சில சமயம் முழுவதுமாகக் கழன்று பக்கத்தில் கிடக்கும்.

அந்த மூடி எப்படித் திறந்தது என்று தெரிந்துகொண்டால் சட்டையின் மீதிப் பகுதிகளும் புரிந்துவிடும். சிலந்தியின் உடல் இரண்டு பகுதி. முன்னால் தலையும் மார்பும் ஒன்றான பகுதி, பின்னால் வயிறு. முன்பகுதியும் கால்களும் கெட்டியான ஓட்டுக்குள் இருப்பதால், சாப்பிடச் சாப்பிட வயிறு மட்டும் பருக்குமே தவிர அவை வளர முடியாது. வளர வேண்டுமென்றால் பழைய ஓட்டைக் கழற்றியாக வேண்டும். அந்த நேரம் வந்ததும் சிலந்தி இரை எடுப்பதை நிறுத்திவிட்டு ஒதுங்குகிறது. வயிற்றில் இருக்கும் திரவத்தை முன்பகுதிக்குத் தள்ளுகிறது. உள்ளே அழுத்தம் ஏறி, மேலோட்டின் விளிம்பு முன்பக்கத்திலும் இரு ஓரங்களிலும் விட்டுப்போகிறது. மூடி தூக்கிக்கொள்கிறது. அடுத்து வயிற்றின் தோல் கிழிந்து பின்னால் சரிகிறது. கடைசியாக எட்டுக் கால்களையும் பழைய குழல்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுக்கிறது. சிலந்திக்கு இதுதான் மிக ஆபத்தான கட்டம். கால் சிக்கிக்கொண்டு மாட்டிக்கொள்வதும் உண்டு. வெளியே வந்த புதிய உடல் மென்மையாக இருப்பதால், அது கெட்டிப்படும் வரை எறும்பிடமிருந்துகூட அதனால் தப்ப முடியாது. ஆகவே கழற்றிக்கொண்டிருக்கும் சிலந்தியைக் கண்டால் தயவுசெய்து தொட வேண்டாம், கல்லை மெதுவாகப் பழையபடி வைத்துவிடுங்கள்.

சிறிய இனங்கள் வாழ்நாளில் ஐந்து முறை அளவுக்கும், பெரியவை பத்து முறை அளவுக்கும் இப்படிக் கழற்றுகின்றன. முன்பு இழந்த கால் இருந்தால் அடுத்த சட்டை கழற்றும்போது புதிதாக முளைத்து வரும், முதலில் மற்றக் கால்களைவிடச் சற்றுக் குட்டையாக.

இப்போது சட்டையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். கெட்டியாக இருந்ததெல்லாம் இருக்கும்: மேலோடு, தாடைகள், விஷப்பற்கள், கால்கள், கால்களின் முட்கள், நுனி நகங்கள். வயிற்றுத் தோல் மெல்லியது என்பதால் சுருங்கி ஒரு சிறு கந்தலாகிவிடும். அதில் இருந்த கோடும் புள்ளியும் பெரும்பாலும் போய்விடும், ஏனென்றால் வயிற்றின் நிறத்தில் பெரும்பங்கு தோலுக்கு அடியில் இருக்கும் உயிருள்ள அணுக்களில் இருக்கிறது. அது சிலந்தியோடு போய்விட்டது. நாம் வழக்கமாக எதை வைத்து அடையாளம் சொல்லப் பார்க்கிறோமோ அந்த நிறமும் கோலமும் சட்டையில் இல்லை. இதை நான் இழப்பாக நினைக்கவில்லை. தரையில் ஓடும் சிலந்திகள் பெரும்பாலானவை மண்ணின் நிறம், காய்ந்த சருகின் நிறம். பழுப்பு என்று சொல்லி ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கவே முடியாது. நிறம் இல்லாத சட்டை நம்மைச் சரியான இடத்தைப் பார்க்க வைக்கிறது.

அந்த இடம் கண். சிலந்தியின் கண் லென்ஸ்கள் மேலோட்டின் ஒரு பகுதி, ஆகவே அவையும் சட்டையோடு கழன்று வருகின்றன. மூடியைத் தனியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். பழுப்பு ஓட்டின் முன்விளிம்பில் நிறமில்லாத தெளிந்த வட்டங்கள் தெரியும். உயிரோடு ஓடும் சிலந்தியில் பார்ப்பதைவிட இதில் எண்ணுவது எளிது. மூடி முறுக்கிக்கொண்டிருந்தால், துளி சோப்பு கலந்த நீரில் சிறிது நேரம் ஊறவிட்டால் இளகும், பிறகு வண்ணம் தீட்டும் மெல்லிய தூரிகையால் விரித்துக்கொள்ளலாம். செல்போன் கேமராவில் மாட்டும் சிறிய லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். அளவு தெரியாத படத்தை வைத்து எவராலும் உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது.

வட்டங்களில் எந்த இரண்டு மிகப் பெரியவை, அவை எந்த வரிசையில் இருக்கின்றன என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

முகத்தின் கீழ்ப்பகுதியில் நான்கு பொடிக் கண்கள் ஒரு வரிசையாக, அதற்கு மேலே முன்னோக்கி இரண்டு பெரிய கண்கள், இன்னும் மேலே தலையின் முதுகுப்பக்கத்தில் இரண்டு நடுத்தரக் கண்கள் என்று இருந்தால் அது ஓநாய்ச் சிலந்தி. நான்கு, இரண்டு, இரண்டு என்ற இந்த அமைப்பைப் பார்த்துவிட்டால் பெரும்பாலும் சந்தேகத்துக்கு இடமில்லை. நம் ஊர்த் தோட்டத்திலும் வயலிலும் பகலிலேயே தரையில் விறுவிறுவென ஓடும் சிலந்தியைப் பார்த்தால் அது இந்தக் குடும்பமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உயிரோடு இருக்கும்போது இன்னொரு தெளிவான அடையாளமும் உண்டு. தாய் தன் முட்டைப்பையை உருண்டையாகக் கட்டி, நூல் வெளிவரும் காம்புகளில் ஒட்டி, பின்னால் சுமந்துகொண்டு திரியும். குஞ்சுகள் வெளிவந்ததும் தாயின் முதுகில் ஏறிக்கொண்டு சில நாட்கள் சவாரி செய்யும். நீர்நிலைகளின் ஓரத்தில் இதைப் போலவே தோற்றமளிக்கும் வேறொரு குடும்பத்துச் சிலந்திகள் உண்டு. அவை முட்டைப்பையைத் தாடையால் கவ்வி மார்புக்கு அடியில் தூக்கிச் செல்லும். பை எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே இரண்டையும் பிரித்துவிடலாம்.

மிகப் பெரிய இரண்டும் முன் வரிசையிலேயே, நேராக உங்களைப் பார்த்தபடி இருந்தால் தாவும் சிலந்தி. சுவரில் ஈ பிடிக்கும் அந்தக் குட்டைக்கால் சிலந்தியை எல்லோருக்கும் தெரியும். பிளெக்சிப்பஸ் பேகுல்லி என்ற இனம் நம் வீட்டுச் சுவர்களில் சர்வசாதாரணம். ஆனால் இந்தக் குடும்பத்தில் சருகுக்கும் கூழாங்கல்லுக்கும் இடையில் தரையிலேயே வாழ்பவையும் இருக்கின்றன, அவற்றைத்தான் குட்டி ஓநாய்ச் சிலந்தி என்று தவறாகச் சொல்லிவிடுகிறார்கள். சட்டை கிடந்த இடமும் இங்கே உதவும். தாவும் சிலந்தி நூலால் வெள்ளையாக ஒரு சிறு பை நெய்து, அதற்குள் இருந்து சட்டை கழற்றும். ஜன்னல் சட்டத்தின் மூலையிலோ சுருண்ட இலைக்குள்ளோ அந்தப் பையும், உள்ளே சட்டையும் கிடைக்கும்.

எட்டும் ஏறக்குறைய ஒரே அளவில், நான்கு நான்காக இரண்டு வரிசையில் இருந்தால் வேலை கொஞ்சம் கடினம். இந்த அமைப்பு பல குடும்பங்களுக்குப் பொது. ஆனால் கல்லுக்கும் செங்கல்லுக்கும் அடியில் கிடைத்த, கறுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் தட்டையான உடல் கொண்ட, இரவில் ஓடும் சிலந்தி என்றால் முதலில் நினைக்க வேண்டியது நஃபோசிடே என்ற தரைச்சிலந்திக் குடும்பம். வயிற்றின் பின்நுனியில் இரண்டு நூல் காம்புகள் சிறு குழாய்களாக, ஒன்றுக்கொன்று விலகி, மேலிருந்து பார்த்தாலே தெரியும்படி நீட்டிக்கொண்டிருக்கும். வயிறு கந்தலாகிப்போன சட்டையிலும் இந்தக் குழாய்கள் பல சமயம் பிழைத்துக் கிடக்கும். பின்வரிசையின் நடுக்கண்கள் இரண்டும் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகச் சாய்ந்திருப்பது இன்னொரு அடையாளம். உயிருள்ள சிலந்தியில் அவை வெள்ளியாக மின்னும். அந்த மினுக்கம் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஒளி திருப்பும் படலத்தால் வருவது என்பதால் சட்டையில் அது இருக்காது. வடிவம் மட்டும் இருக்கும், அதுவே போதும்.

கண்ணாடி டம்ளர் ஒன்று போதும், உயிருள்ள சிலந்தியிடம் செய்து பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. ஓநாய்ச் சிலந்தியின் கால் நுனியில் மூன்று நகங்கள் உண்டு, பிடிமானம் தரும் அடர்ந்த மயிர்க்கற்றை கிடையாது. வழுவழுப்பான கண்ணாடியில் அதனால் ஏற முடியாமல் சறுக்கும். தாவும் சிலந்திக்கு இரண்டு நகமும் மயிர்க்கற்றையும் உண்டு, கண்ணாடியில் தாராளமாக ஏறிவிடும். தரைச்சிலந்திகளிலும் பல ஏறும். டம்ளரால் கவிழ்த்து மூடி, அடியில் அட்டையைச் செருகி எடுத்து, மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று, அடிப்பக்கம் ஒன்று எனப் படம் எடுத்த பிறகு பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள் பரணிலோ கதவுக்குப் பின்னாலோ உள்ளங்கை அளவுக்குச் சட்டை தொங்கினால் அது மேலே சொன்ன எதுவும் இல்லை. கரப்பான் பூச்சி தின்னும் பெரிய வீட்டுச் சிலந்தி, ஹெட்டிரோபோடா வெனடோரியா. பக்கவாட்டில் திரும்பிய நீண்ட கால்களும், கண்களுக்குக் கீழே வெளிறிய பட்டையும் அதைக் காட்டிக்கொடுக்கும். கட்டெறும்புக் கூட்டத்தோடு ஓடிக்கொண்டே முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பாகத் தூக்கி ஆட்டும் காஸ்டியானைரா பேரினத்துச் சிலந்திகளும் தரையில்தான் வேட்டையாடுகின்றன. கால்களை எண்ணாதவரை அவற்றைச் சிலந்தி என்றே நினைக்கத் தோன்றாது.

தரையில் ஓடுபவை வலை கட்டாது என்று மேலே சொன்னதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. மார்கழிக் காலையில் புல்வெளியிலும் வரப்பிலும் பனித்துளி கோத்த வெள்ளை விரிப்புகள் தெரியும், ஓரிடத்தில் அந்த விரிப்பு குழிந்து குழலாக மண்ணுக்குள் இறங்கும். அதன் வாயில் காத்திருப்பது ஹிப்பாசா, அதுவும் ஓநாய்ச் சிலந்திக் குடும்பம்தான். கண் அமைப்பு அதே நான்கு, இரண்டு, இரண்டு. வலையை மட்டும் பார்த்து முடிவு செய்தால் வேறு குடும்பத்தில் சேர்த்துவிடுவோம், கண்ணைப் பார்த்தால் பிழை வராது. குழலின் வாயருகே அதன் பழைய சட்டைகளும் கிடைக்கும்.

பயத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். பழுப்பு நிறத்தில் எதைக் கண்டாலும் இணையப் படத்தோடு ஒப்பிட்டு, தோலை அழுக வைக்கும் அமெரிக்கச் சிலந்தி என்று பதறுகிறார்கள். அந்தப் பேரினமான லோக்சோசெலஸுக்கு எட்டுக் கண் கிடையாது, ஆறுதான், அதுவும் இரண்டிரண்டாக மூன்று ஜோடி. சட்டையின் மூடியில் எட்டு வட்டங்களை எண்ணிவிட்டீர்கள் என்றால் அந்தக் கவலையை அங்கேயே விட்டுவிடலாம். இங்கே நான் சொன்ன சிறிய தரை வேட்டைச் சிலந்திகள் கையில் அழுத்திப் பிடித்தால் கடிக்கக்கூடும். வலி கொஞ்ச நேரம் இருக்கும், அதற்கு மேல் பொதுவாக ஒன்றும் ஆகாது. காலையில் எழுந்ததும் கழுத்திலோ கன்னத்திலோ எரிச்சலோடு நீளவாக்கில் கொப்புளம் கண்டால் சிலந்தி ஊர்ந்துவிட்டது என்பது ஊரெங்கும் உள்ள நம்பிக்கை. ஆனால் மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பீடெரஸ் என்ற ஆரஞ்சும் கறுப்புமான சிறு வண்டு தோலில் நசுங்கினால் அதன் உடல் நஞ்சு அப்படித்தான் கொப்புளம் போடும். அக்கியும் அப்படித் தொடங்கலாம். இரண்டுக்கும் வேறு வேறு சிகிச்சை, ஆகவே சிலந்தி மேல் பழி போட்டுவிட்டு வீட்டில் இருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சட்டை சொல்லாதது ஒன்று இருக்கிறது, இனத்தின் பெயர். காரணம் எளியது. சிலந்தி இனங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது முதிர்ந்த சிலந்தியின் இனப்பெருக்க உறுப்பை வைத்து. பெண்ணுக்கு வயிற்றின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு தகடு, ஆணுக்கு முகத்தருகே இருக்கும் குட்டைக் கைகளின் நுனி. நாம் பேசும் இந்தச் சிலந்திகள் முதிர்ந்த பிறகு சட்டை கழற்றுவதில்லை. ஆகவே கையில் கிடைக்கும் ஒவ்வொரு சட்டையும் முதிராத பருவத்தினுடையது. அந்த உறுப்பு அதில் இருக்க வழியே இல்லை. அதிகபட்சம், குட்டைக் கைகளின் நுனி வெற்றாகப் புடைத்திருந்தால், கழற்றியது கடைசிச் சட்டை, வெளியே போனது முதிர்ந்த ஆண் என்று சொல்லலாம். டரான்டுலா வகைகளில் பெண்கள் முதிர்ந்த பின்னும் கழற்றிக்கொண்டே இருப்பதால், அவற்றின் சட்டையின் உட்பக்கத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடிகிறது. சிறியவற்றில் அது நடக்காது. சட்டையிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுக்க முடியும், ஆனால் அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும்.

உலகச் சிலந்திகளின் பட்டியலைப் பராமரிக்கும் சுவிட்சர்லாந்தின் பெர்ன் அருங்காட்சியகத்தில் 2022ஆம் ஆண்டு 50,000ஆவது இனம் பதிவானது, பிரேசிலில் கண்டறியப்பட்ட ஒரு தாவும் சிலந்தி அது. நம் நாட்டில் ஆர். ஐ. போக்காக் 1900இல் எழுதிய நூலுக்குப் பிறகு, இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் பி. கே. டிக்காதர் 1980களை ஒட்டி ஓநாய்ச் சிலந்திகளுக்கும் தரைச்சிலந்திகளுக்கும் தனித்தனித் தொகுதிகள் எழுதினார். அவற்றில் பக்கம் பக்கமாக இருப்பவை உறுப்புகளின் கோட்டோவியங்கள். அவ்வளவு உழைத்துப் பிரித்தவற்றை ஒரு செல்போன் படத்தையோ ஒரு சட்டையையோ வைத்துப் பெயர் சொல்லிவிடுவது அந்த உழைப்புக்குச் செய்யும் மரியாதை அல்ல. ஓநாய்ச் சிலந்தி, முதிராதது, இந்த ஊர், இந்தத் தேதி என்று எழுதிச் சட்டையைச் சிறு மருந்துக் குப்பியில் போட்டு வைத்தால் அது நல்ல பதிவு. தெரியாத இடத்தில் பெயரை எழுதினால் அந்தப் பதிவே கெட்டுவிடும்.

குடும்பம் வரை தெரிந்து என்ன பயன் என்று கேட்டால், நெல் வயலைக் காட்டுவேன். ஆசிய நெல் வயல்களில் பரவலாக இருக்கும் ஓநாய்ச் சிலந்தி பார்டோசா சூடோஅனுலேட்டா. முதிர்ந்தால் சுமார் 1 செ.மீ. நீளம், மேலோட்டில் கவைக்கோல் வடிவத்தில் ஓர் அடையாளம் இருக்கும். நட்ட சில நாட்களிலேயே வரப்பிலிருந்து வயலுக்குள் இறங்கிவிடும், தண்ணீரின் மேல் ஓடும், நெற்பயிரின் அடித்தண்டைச் சுற்றி வேட்டையாடும். சரியாக அங்கேதான் புகையான் என்ற பூச்சி உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1987இல் விவசாயிகளுக்காக வெளியிட்ட கையேடு, இந்தச் சிலந்தி ஒன்று நாளுக்கு 5 முதல் 15 இரைகள் வரை தின்னும் என்று சொல்கிறது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் புகையானுக்கு மருந்து அடிக்கச் சொல்லும் எல்லையே சிலந்தியைப் பொறுத்து மாறுகிறது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான் வந்தால் நடவடிக்கை. குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 புகையான் வரை பொறுக்கலாம். அவசரப்பட்டு அடித்தால் முதலில் சாவது தரையிலும் தண்ணீர் மேலும் ஓடித்திரியும் சிலந்தி. முட்டையிலிருந்து வரும் அடுத்த தலைமுறைப் புகையானுக்கு வயலில் எதிரி இருக்காது, அது முன்பைவிடப் பெருகும். செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைப் புகையானுக்கு அடிக்கக் கூடாது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரப்பில் ஓநாய்ச் சிலந்திகள் எவ்வளவு என்று பார்க்க இரவு நல்ல நேரம். டார்ச்சை நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில், கண்ணோடு ஒட்டிப் பிடித்துத் தரையைப் பாருங்கள். பச்சை கலந்த பொட்டுகள் மின்னும், அவை ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள். பனித்துளியும் மின்னும், ஆனால் அது வெள்ளையாக, தலையை அசைத்தால் அணைந்து அணைந்து எரியும். பொட்டு அசையாமல் நின்றால் அதை நோக்கி நடந்துபோனால் சிலந்தி இருக்கும். ஒரே இடத்தில் நிறையப் பொடிப் பொட்டுகள் சேர்ந்து மின்னினால், அது குஞ்சுகளைச் சுமக்கும் தாய்.

மருந்து அடிப்பதை முடிவு செய்யும் கணக்கை மட்டும் பகலில், குத்துகளின் அடியை விலக்கிப் பார்த்து எடுக்க வேண்டும். தண்டில் ஒட்டியிருக்கும் சட்டைகளை அதில் சேர்க்கக் கூடாது. ஒரே சிலந்தி அந்தப் பருவத்தில் பல சட்டைகளை விட்டிருக்கும். ஓடுவதை மட்டும் எண்ணி, வயலின் நாலா பக்கத்திலும் நடுவிலும் பார்த்து, குத்துக்கு எத்தனை என்று வகுத்துக்கொள்ளுங்கள்.